கணக்கை நீக்கிய ஞாயிறு

பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை என்பது முப்பத்தொரு ஆசிரியர்களையும் பதினெட்டு வகுப்புகளையும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் ஒரே தாளில் உட்காரவைக்கும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் அதைப் பென்சிலும் அழிப்பானும் கொண்டு செய்தவன் நான். நான் ஓய்வுபெற்றதும் அந்தப் பொறுப்பு என் மனைவியின் தலையில் விழுந்தது. அவள் அதே பள்ளியில் கணித ஆசிரியை, துணைத் தலைமையாசிரியையும்கூட. அவள் படும் பாட்டைக் காணப் பொறுக்காமல், அறுபத்தோராம் வயதில் நிரல் எழுதக் கற்று, அட்டவணையைத் தானே போட்டுத் தரும் நிரல் ஒன்றை எழுதி முடித்தேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள், நிரல்களைப் பொதுவில் வைத்துப் பகிரும் இணையதளம் ஒன்றில் எனக்கொரு கணக்குத் தொடங்கி, அதை ஏற்றிவைத்தாள்.

சனியன் பிடித்தது அங்கேதான். அந்தத் தளத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முறையீட்டுப் பக்கம் உண்டு. வழியே போகிற எவரும் உள்ளே வந்து எழுதலாம். ‘அரைத்தூக்கம்’ என்னும் புனைபெயர் கொண்ட ஒருவர் எழுதினார்: “ஓவிய வாத்தியாருக்கு வரிசையா ஆறு பீரியடு வருது. மனுசன் தண்ணி குடிக்க வேணாமா. சரி பண்ணுங்க.”

விளி இல்லை, வணக்கம் இல்லை, வினாக்குறி நிற்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. நான் அதைப் பிழைநீக்கிச் செம்மையாக எழுதி அவருக்கே காட்டினேன். ஓவியம் தொண்டையால் வரையப்படுவதன்று என்றும் விளக்கினேன். அவர் அளித்த மறுமொழி, கண்ணில் நீர்வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. அந்த முகத்தைப் பதினொரு பேர் வழிமொழிந்திருந்தார்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. சிரிக்க வேண்டியவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். அந்த மரியாதைகூடத் தெரியாத இடத்தில் எனக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், கணக்கை நிரந்தரமாக நீக்குவது என்று முடிவுசெய்தேன்.

அந்தப் பக்கம் என்னை மூன்று முறை எச்சரித்தது. எல்லாம் அழியும், திரும்ப வராது, உறுதிதானா என்றது. உறுதிதான் என்றேன். பிறகு, ‘என் கணக்கை நீக்கு’ என்று என் கையால் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தேன். பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. மறுபடியும் செய்தேன். நான்காம் முறைதான் விளங்கிற்று: நான் வாக்கியத்தின் முடிவில் வைத்த முற்றுப்புள்ளியை அது ஏற்கவில்லை. வாழ்வில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். கணக்கு முடிந்தது.

மனம் இலேசாயிற்று. பத்தே நிமிடம்.

மனைவி ஒரு தாளுடன் வந்தாள். “ஏங்க, அறிவியல் டீச்சருக்கு மாற்றல் ஆயிடுச்சு, புதுசா ஒருத்தர் வராரு. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கறோம். உங்க புரோகிராமைக் கொஞ்சம் ஓட்டிக் குடுங்க.”

“அது இல்லை.”

“இல்லைன்னா?”

“நீக்கிட்டேன்.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “லேப்டாப்ல இருக்குமே?”

லேப்டாப்பில் இருந்ததைச் சென்ற மாதமே நான் அழித்துவிட்டேன். ஒரு வகுப்புக்கு ஒரே வருகைப்பதிவேடு. இரண்டு இருந்தால் அவற்றுள் ஒன்று பொய். பணிக்காலம் முழுவதும் நான் காத்த இந்த விதியை நிரலுக்கும் பொருத்தியிருந்தேன். அதைச் சொன்னேன். அவள் மகளுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தாள்.

“அப்பா, நிரந்தரமா போயிடும்னு போட்டிருக்குமே, படிக்கலையா?”

“மூணு தடவை படிச்சேன். பிழை ஒண்ணும் இல்ல.”

“அம்மா, நீங்க அவர் பக்கத்துல கத்தி கித்தி வெச்சிக்காதீங்க. இருங்க, தேடிப் பாக்கறேன்.” விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “யாராவது தன் கணக்குல நகல் எடுத்து வெச்சிருந்தா அது மட்டும் அழியாது. ஆங்… ஒரே ஒருத்தர் வெச்சிருக்கார்.”

“யாரும்மா அந்தப் புண்ணியவான்?” என்றாள் மனைவி.

“அரைத்தூக்கம்.”

நான் சன்னல் பக்கம் பார்த்தேன்.

நகலை இறக்கினோம். நாளைக்கே வேண்டியது அது. ஆனால் ஓடவில்லை. அந்த மனிதர் என் நிரலில் கைவைத்திருந்தார். ஆசிரியர் பட்டியலில், பெயர், பாடம், வகுப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: ‘எப்போது ஓய்வு வேண்டும்?’ அதை நிரப்பாத வரையில் நிரல் நகர மறுத்தது.

அதை எடுத்துவிடும் வழி கேட்டு அவருக்கு எழுதவேண்டும். எழுத ஒரு கணக்கு வேண்டும். என் பழைய பெயரைச் சில மாதங்களுக்கு எவருக்கும் தரமாட்டார்களாம், எனக்கும். தளமே மனமிரங்கி ஒரு பெயர் கொடுத்தது: ‘ஆசிரியர்-2’. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றேன். ‘மதிப்பிற்குரிய அரைத்தூக்கம் அவர்களுக்கு’ என்று தொடங்கி முறைப்படி எழுதினேன். அவர் விழித்திருந்தார் போலும். உடனே பதில் வந்தது.

“அத எடுத்தா மொத்தமும் உக்காந்துடும் சார். எத்தன டீச்சர். ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.”

“முப்பத்தோரு பேர்,” என்றேன் மனைவியிடம்.

“நீங்கதான் அழிச்சீங்க. நீங்கதான் கேக்கறீங்க,” என்று தொலைபேசி எண்கள் கொண்ட டைரியை என்முன் வைத்துவிட்டு, அவள் எதிரில் அமர்ந்து பென்சில் சீவினாள்.

முதல் போனை வேதியியல் ஆசிரியர் எடுத்தார். எப்போது ஓய்வு வேண்டும் என்றேன். “சார், எம்மேல யாராவது எழுதிப் போட்டிருக்காங்களா?” என்றார் நடுங்கி. இல்லை என்று நம்பவைக்க எட்டு நிமிடம் ஆயிற்று. உடற்கல்வி ஆசிரியர், மழை பெய்யும்போது வேண்டும் என்றார். வரலாற்று ஆசிரியை சட்டென்று, “அஞ்சாவது பீரியட். பன்னண்டு வருசமா அஞ்சாவது பீரியட்தான்,” என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு என் காலம்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொன்னேன் சார். நீங்க என் வாக்கியத்தைத் திருத்தினீங்க.”

எதிரில் பென்சில் சீவும் ஓசை நின்று, மறுபடி தொடங்கிற்று.

ஓவிய ஆசிரியரிடம் கேட்டேன். “இது யார் பேசறது?” என்றார். பெயர் சொன்னேன். “நெஜமாவே சார்தானா?” என்று கேட்டு, மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவள் சான்று கூறிய பின்னரே மூன்றாம் பீரியடுக்குப் பிறகு என்று, கேட்கவே கூசுபவர்போலச் சொன்னார்.

மாலை நான்கு மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடையில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். டைரியில் இருந்த எல்லாப் பெயர்களும் தீர்ந்தன. நிரலை ஓட்டினேன். ஓடவில்லை. ‘ஒரு கட்டம் காலி’ என்றது.

எண்ணிப் பார்த்தேன். முப்பது. மாற்றலாகிப் போனவரையும் புதிதாக வருபவரையும் சரிபார்த்தேன். சரிதான். பட்டியலை மேலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். கணிதம் என்ற வரியில் விரல் நின்றது.

அவள் பென்சில் தூளைத் தாளில் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்த எண்ணுக்குப் போன் போடவேண்டியதில்லை.

“உனக்கு எப்போ?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “நாலாவது பீரியட்,” என்றாள். “அந்த நேரத்துல நீங்க எனக்குப் போன் பண்ணி சாவி எங்க, சர்க்கரை எங்கன்னு கேக்கக்கூடாது.”

கட்டத்தில் முதல் பாதிக்குத்தான் இடமிருந்தது. அதை எழுதினேன். அட்டவணை வந்தது.