இருபத்தாறு டிகிரிக் கடல்

கடலுக்கு மார்க் போடுவதுதான் அவள் வேலை. தண்ணீர் எவ்வளவு சூடாகிறது, மீன் எவ்வளவு தூரம் விலகிப் போகிறது, வேறு பிழைப்புக்கு வழியுண்டா என்று ஒவ்வொரு மீன்பிடித் துறையாகக் கேட்டு, பருவநிலை மாற்றத்தில் எது முதலில் அடிபடும் என்று மீன்வள அலுவலகத்தின் இரண்டாம் மாடியிலிருந்து சொல்ல வேண்டும். மார்க் கூடினால் ஆபத்து கூடுதல். அரசு உதவியும் அங்கேதான் முதலில் போகும். இப்படியொரு விசித்திரப் பரீட்சையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதினோரு துறைகள் மார்க்கை அள்ளியிருந்தன. பன்னிரண்டாவது, அக்கா வாழ்க்கைப்பட்ட துறை, மட்டும் குறைவு. அங்கே கடல் மூன்று வருடமாக இருபத்தாறு டிகிரியைத் தாண்டவில்லை. தினமும் படகிலிருந்து அளந்து எழுதியவர் அக்காவின் கணவர். அந்த இருபத்தாறின் மேல் அவளுக்கு ஒரு மயக்கமே வந்துவிட்டது. மதியம் மின்விசிறிக்குக் கீழே கண் சொருகினால், சுடுகிற கடல்களிலிருந்தெல்லாம் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி அங்கே வந்து நிழலில் படுப்பதுபோல் படுத்துக்கொள்ளும். அவளும் கூடவே படுத்துக்கொள்வாள்.

அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் அக்கா போனில் அழுதாள்.

"மாமா படகை வித்துடப் போறாருடி. வலை காலியாவே வருது. கடல் நல்லாத்தான் இருக்குன்னு நீயே சொல்லிட்ட. அப்போ தன் கைதான் சரியில்லைங்கிறாரு. திங்கக்கிழமை படகைப் பாக்க ஆள் வராங்க."

மறுநாள் விடியலில் அவள் மாமாவின் படகில் ஏறினாள்.

"வாங்க மார்க் டீச்சர்," என்றார் அவர். அந்தக் கேலியில் பழைய தெம்பு இல்லை.

மூடுபனியில் கரை காணாமல் போயிற்று. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தியதும் வந்த அமைதியில், இன்னும் மின்விசிறிக்குக் கீழேதான் தூங்குகிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மாமா வாளியில் கடல்நீரை மொண்டு வைத்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து, கட்டிகளுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய வெப்பமானியை எடுத்தார். தண்ணீரில் முக்கிப் பத்து எண்ணித் தூக்கினார்.

"இருபத்தாறு."

"அதை ஏன் மாமா ஐஸ்ல வெச்சிருக்கீங்க?"

"வெயில்ல கெட்டுப் போயிடாதா? ஆபீஸ் சாமான். படகுல கெடக்கூடாததெல்லாம் ஐஸ்லதானே வைப்போம்?"

கருவியைக் கொடுத்தவள் அவள். எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் முக்குவது என்று சொல்லாதவளும் அவளே.

"இன்னொரு தடவை முக்குங்க மாமா. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

இருவரும் வாளியின் மேல் குனிந்து நின்றார்கள். இருபத்தேழு. இருபத்தெட்டு. அவசரமே இல்லாமல் ஏறி, முப்பத்தொன்றில் நின்றது. நிழலில் படுத்திருந்த மீன்கள் ஒவ்வொன்றாக எழுந்து போவது அவளுக்குத் தெரிந்தது.

"அப்போ கடல்தான் சுடுதா?"

"ஆமா மாமா. தப்பு என்னோடது."

அவர் வாளிக்குள் கையை விட்டு, எடுக்காமல் வைத்திருந்தார்.

"கைக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆபீஸ் கருவி வேற சொல்லுச்சு. கைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுட்டேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டில் இருபத்தாறை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினாள்.

"இப்போ நம்ம துறைக்கு எத்தனை மார்க்?"

"உதவி வர்ற வரிசையில அநேகமா நாமதான் ஃபர்ஸ்ட்டு, மாமா."

மாமா சிரித்தே விட்டார். மூன்று வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதே. திங்கக்கிழமை யாரும் வர வேண்டாம்னு அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்றபடி ஈரக் கையைத் துடைக்காமலே எஞ்சினைக் கிளப்பினார்.