அடிபட்டு நேராகப் பறந்தவன்

கூலாய் ஊரில் ஒரு கைப்பேசிக் கடையின் மேல்மாடியில் ஞாயிறு மதியம் பதினாறு ஜோடிகள் மாதாந்திர வீடியோ கேம் போட்டிக்கு வந்திருந்தார்கள். ரூபேந்திரனும் நவ்சாத்தும் நான்கு வருடமாக ஒரே ஜோடி. ரூபேந்திரனுக்குப் பக்கத்து ஊர் செனாயில் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. நவ்சாத் அவன் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவன். வாரத்தில் ஆறு நாளும் இருவரையும் யாராவது ஏவிக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுடையது.

"ஏன்டா இந்தத் தடியன எடுத்த? உன் குருவி என்னாச்சு?" என்றான் நவ்சாத், திரையில் ரூபேந்திரன் தேர்ந்தெடுத்த உருவத்தைப் பார்த்து.

"குருவி போரடிச்சிருச்சு லா."

பொய். கனத்த உருவம் அடிபட்டாலும் அதிக தூரம் பறக்காது. அதற்காகத்தான் எடுத்தான். மூன்று மாதத்துக்கு முன் தொழிற்சாலையில் வார்ப்பு இயந்திரத்தின் கதவு அவன் இடது கட்டைவிரலை நசுக்கியது. தையல் ஆறியது, நரம்பு ஆறவில்லை. இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் வியாழக்கிழமை சொல்லிவிட்டார். காயத்துக்குப் பின் இருவரும் ஆடும் முதல் போட்டி இது; நவ்சாத்திடம் அவன் சொல்லியிருந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று.

அந்த ஆட்டத்தில் எதிரியை மேடையிலிருந்து அடித்து, திரையின் எல்லைக்கு வெளியே பறக்கவிட வேண்டும். அடி விழுந்ததும் உருவம் ஒரு கண்ணிமைப்பு நேரம் உறையும். அதற்குள் இடது கட்டைவிரலால் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளினால் பறக்கும் கோணம் வளையும். புதியவர்கள் பதறிப்போய் நேரெதிராக இழுப்பார்கள். ஒரு பயனும் இல்லை. குறுக்கே தள்ள வேண்டும். பக்கவாட்டில் போக வேண்டியவன் மேல்மூலைக்கு வளைவான். மூலைக்குத் தூரம் அதிகம், உயிர் தப்பும். இதை டி.ஐ. என்பார்கள். கூலாயில் இதில் ரூபேந்திரனை மிஞ்ச ஆள் இருந்ததில்லை.

இப்போது விரல் அசைகிறது, ஆனால் ஸ்டிக் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் குனிந்து கையைப் பார்த்தான். பார்த்து முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விட்டது.

மெர்சிங்கிலிருந்து வந்த ஜோடிக்கு இரண்டே அடியில் விஷயம் பிடிபட்டது.

"அலமாக், நேராப் போறான் பாரு! டி.ஐ.யே இல்ல. தடியனையே அடி!"

தடியனையே அடித்தார்கள். கோடு கிழித்த மாதிரி பறந்து பறந்து செத்தான். தனியாக மாட்டிக்கொண்ட நவ்சாத்தும் விழுந்தான். முதல் சுற்றிலேயே இப்படித் தோற்றது அவர்களுக்குப் புதிது.

நவ்சாத் திட்டவில்லை. ரூபேந்திரனை மூலை நாற்காலிக்கு இழுத்துப்போய் எதிரே உட்கார்ந்தான்.

"கைய நீட்டு. கண்ண மூடு."

"எதுக்குடா?"

"மூடு லா. கட்டவிரல்ல எங்க தொடுறேன், சொல்லு."

"நுனியில."

"இப்ப?"

"நகத்துக்கிட்ட. விடுடா, வலிக்குது."

ரூபேந்திரன் கண்ணைத் திறந்தான். நவ்சாத் இரண்டு கைகளையும் தன் முழங்கால்மேல் வைத்திருந்தான். விரலை அவன் தொடவே இல்லை.

"டாக்டர் எப்ப சொன்னாரு?"

"வியாழக்கிழம."

"நாயே, மூணு நாளா..." நவ்சாத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏன்டா மறைச்ச?"

"இன்னும் ஒரு தடவ ஆடிக்கலாம்னுதான்."

பெயர் எழுதுகிற லோஷினி நோட்டோடு வந்தாள். "நவ்சாத் அண்ணே, அடுத்த மாசமும் நீங்க ரெண்டு பேரும்தானே? எழுதிக்கவா?"

"எழுதும்மா."

"எழுதாத" என்றான் ரூபேந்திரன்.

"எழுதுன்னு சொல்றேன்ல! தோத்தா தோத்துட்டுப் போறோம்! உனக்கென்னடா?" நவ்சாத் அழுதுகொண்டே கத்தினான். அடுத்த மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தன்னால் இன்னொருவன் மாதாமாதம் அடிவாங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ரூபேந்திரனுக்குத் தெம்பில்லை. லோஷினியின் பேனாவை வாங்கி, நவ்சாத் பெயரை எழுதினான். தன் பெயர் வரவேண்டிய பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.