ஓடுகாலித் தேதி

ஐந்தரை மணிக்கு அந்த ஷட்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழ்க்கம்பியைப் பிடித்து இழுக்க, மற்றவர் நடுவில் தோள் கொடுக்க வேண்டும். என் கணவர்தான் எப்போதும் தோள் கொடுப்பார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வலது தோளில் துருக்கறை இருந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. இப்போது போக வேண்டும் என்று நான் நினைப்பதும் இல்லை.

உள்ளே ஐம்பத்துநான்கு படிகள். மின்தூக்கி ஒன்று இருந்தது. முதலாளி வரும் பத்து மணிக்குத்தான் அதற்கு உயிர் வரும். மூன்றாம் மாடியில், ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்த நீள அறை. பதினொரு கணினிகளையும் முடுக்கும்போது தூசி சூடாகும் வாசனை எழும். விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு உட்காருவோம்.

தொழிலாளர் நல அலுவலகத்தின் பழைய மனுக்களை, வேர்டு கோப்புகளாக இருந்தவற்றை, பிடிஎஃப் ஆக்கித் தருவது எங்கள் முதலாளி எடுத்திருந்த ஒப்பந்தம். கை போனவர்கள், கால் போனவர்கள், ஆளே போய்விட்டவர்களின் மனைவிமார் கொடுத்த நஷ்டஈட்டு மனுக்கள். திற, பார், மாற்று, பெயரிடு, மூடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பு. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வோம்.

அந்த மனுக்களில் ஒரு பொறி இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றின் தலைப்பில், தானாக மாறும் தேதியை யாரோ வைத்திருந்தார்கள். கோப்பை என்றைக்குத் திறக்கிறோமோ அன்றைய தேதியைத்தான் அது காட்டும். ஏழு வருடம் முந்தைய மனு, இன்று காலை எழுதியதுபோலச் சிரிக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓடுகாலி. யார் கண்ணிலாவது பட்டால், "ஓடுகாலி!" என்று குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, அலுவலகம் கொடுத்த வரவுப் பதிவேட்டின் நகலைப் புரட்டி, மனு உண்மையில் வந்த தேதியை வாசிப்பார். மற்றவர் அதைக் கையால் அடித்துவிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்குவார். பிறகு நீள நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். முதல் கண் ஒரு கட்டம், இரண்டாம் கண் ஒரு கட்டம். முதலாளி சொல்லித் தந்த முறை இல்லை இது. நாங்களே வைத்துக்கொண்டது.

"யோவ், உன் ஓடுகாலியை நீயே பிடிச்சுக்கயேன். காலையிலேருந்து பதினேழு தடவை எழுந்துட்டேன், முட்டி கழண்டுபோச்சு" என்பாள் ஜூம் அக்கா. பார்வை மங்கிவிட்டதால் எல்லாவற்றையும் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவள்.

"எழுந்தாதான் அக்கா ரத்தம் ஓடும்" என்பான் கன்ட்ரோல்-எஸ். நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்புப் பொத்தானை அழுத்துபவன். 'போயிட்டு வரேன்' என்பதைக்கூட இரண்டு முறை சொல்வான்.

என் கணவர் கணினியைத் தானாகப் படித்தவர். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினார். ஒரு கோப்புறையைக் காட்டினால் போதும். அதிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, பெயரிட்டு, மூடிவிடும். ஓடுகாலி இருந்தால் மட்டும் தொடாமல் 'ரெண்டு கண்' என்ற தனிக் கோப்புறையில் தள்ளிவிடும்.

"மெஷின் ஒத்தைக் கண்ணன். ரெண்டாவது கண்ணு நாமதான்" என்றார்.

முதல் நாள் அதை ஓட்டியபோது பதினொரு பேரும் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றோம். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நானூறு கோப்பு. ஜூம் அக்கா மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து அவர் தலையில் பரிவட்டமாகக் கட்டினாள். இனிமேல் முறைக்கு முறை ஓய்வெடுக்கலாம், கை ஆறும் என்று நம்பினோம். அவரும் அப்படித்தான் நம்பினார்.

முதலாளி வந்து பார்த்தார். முதுகில் தட்டினார். அடுத்த வாரம் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். ஜூம் அக்கா அவர்களில் ஒருத்தி.

படியிறங்கும்போது அவள் என் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் கண்ணு வச்சே, தம்பி" என்றாள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து, "என் கையாலயே பண்ணிட்டேனே" என்பார். நான் சாப்பிடச் சொன்னேன்.

ஐந்து பேர் மிஞ்சினோம். 'ரெண்டு கண்' கோப்புறை நாளுக்கு நாள் வீங்கியது. பதினொரு பேர் பார்க்க வேண்டியதை ஐந்து பேர் எப்படிப் பார்ப்பது? கெடு நெருங்கியதும் முதலாளி வந்து நின்றார்.

"அந்த ஒதுக்கி வைக்கற வேலையை எடுத்துடு. எல்லாம் ஒரேயடியா ஓடட்டும்."

"சார், தேதி தப்பாப் போயிடும்."

"தலைப்புல ஒரு தேதி. அதை யாரு பார்க்கப் போறா?"

"மனு குடுத்தவன் பார்ப்பான் சார். நான் எடுக்க மாட்டேன்."

முதலாளி வெளியாள் ஒருவரை வரவழைத்து நிரலிலிருந்து அந்த வரிகளை நீக்கினார். அன்று சாயங்காலம் என் கணவர் நீள நோட்டை எடுத்து எழுதினார்: 'ஓடுகாலிகளை ஒதுக்கும் வரிகள் இன்று நீக்கப்பட்டன. நான் நீக்கவில்லை. எனக்குச் சம்மதமில்லை.' தேதியிட்டு முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டாவது கண்ணு நீ போடு."

"எதுக்கு வம்பு? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சுன்னா என்ன பண்றது?" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. நோட்டை மூடி வைத்தார். அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், முப்பத்தெட்டாம் படியில் அவர் உட்கார்ந்தார். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன், நீ போ" என்றார். நான் போனேன். கணினியை முடுக்கிவிட்டு, அவர் வரவில்லையே என்று திரும்பி வந்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். மின்தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? மருத்துவர் இறந்த நேரத்தை மட்டும் எழுதித் தந்தார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரம்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அச்சகத்தில் போனவை. அலுவலகம் அனுப்பிய தாளை நீட்டினார். 'விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யப்படவில்லை. தள்ளுபடி.'

"விரல் போயி ஏழு வருஷம் ஆச்சும்மா, மனுவும் அப்பவே குடுத்தாச்சு. போன மாசம்தான் ஞாபகம் வந்து மனு குடுத்தேனா நான்?"

அவரோடு முடியவில்லை. நாலாயிரம் மனுக்கள். பதிவேட்டை வைத்துத் திருத்தித் தர முடியும். பதினொரு பேர் மூன்று மாதம் உட்கார வேண்டும். அதற்கு முதலாளிக்கு மனமில்லை. மிஞ்சியிருந்த எங்கள் நான்கு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆபீஸ்ல விளக்கம் கேட்கறாங்க. படிச்சுட்டு ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்க."

தாளை வாசித்தேன். 'காலஞ்சென்ற ஊழியர் ஒருவர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் எழுதிய நிரலின் பிழையால் நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தக்க சான்றுடன் தனித்தனியே விண்ணப்பிக்கலாம்.' விரல் இல்லாதவர் ஏழு வருடத்துக்குப் பின்னால் போய் எந்தச் சான்றைத் தேடுவார்?

"தெரியாமலா சார்?" என்றான் கன்ட்ரோல்-எஸ். "முதுகுல தட்டி, 'உன்னை மாதிரி ஆளு பத்து பேர் வேணும்'னு சொன்னீங்க. அடுத்த வாரமே ஆறு பேரை அனுப்பிட்டீங்க. கணக்கு அப்பவே இடிச்சுது."

"நீ வாயை மூடு." முதலாளி என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. போனவருக்கு இனிமே வேலை போகப் போறதில்ல, கேஸ் வரப் போறதில்ல. ஒப்பந்தம் போச்சுன்னா இருக்கறவங்க எல்லாரும் தெருவுலதான். நானும்தான். நீங்க முதல்ல போடுங்க, மத்தவங்க தானாப் போடுவாங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"அவருக்குப் பேரு இருக்கே சார்."

"பேரை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"என் பொண்ணு அவ பேரு எழுதும்போது முதல்ல அவர் பேரோட முதல் எழுத்தைத்தான் சார் எழுதறா. தினமும் எழுதறா."

பேனா மேசைமேல் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. கன்ட்ரோல்-எஸ் தாளை மடித்து முதலாளியின் பக்கம் தள்ளினான். மற்ற இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் டைம். அப்புறம் நாலு பேரும் வர வேண்டாம்" என்றார் முதலாளி.

நாங்கள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். கன்ட்ரோல்-எஸ் நிறுத்தப்பட்ட ஆறு பேருக்கும் போன் செய்தான். வழக்கம்போல ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். கடைசியாக, மூச்சிரைக்க, ஜூம் அக்கா வந்தாள். என் கணவர் இறந்த அன்று வந்து ஓரமாக நின்றுவிட்டு என்னோடு பேசாமல் போனவள்.

வெளியே வரும்போது கையோடு எடுத்து வந்திருந்த நீள நோட்டை நான் அவளிடம் கொடுத்தேன். மூக்கில் இடிக்கும்படி பிடித்துக்கொண்டு அவர் எழுதியதை வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கான்" என்றாள். பிறகு விரலை நகர்த்தினாள். "இந்தக் கட்டத்துல ஏன் யாரும் போடல?"

"என்னைத்தான் கேட்டார். நான் மாட்டேன்னேன் அக்கா. பயந்துட்டேன்."

அன்றும் வந்திருந்த விரல் இல்லாதவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? எங்களை அனுப்பினது யாருன்னு தெரிஞ்சும் உன் புருஷனைத்தான் திட்டிட்டிருந்தேன்" என்றாள் ஜூம் அக்கா. "சரி, இப்பப் போடு."

பேனாவைத் திறந்தேன்.

"அண்ணன் எழுதின அன்னைக்குத் தேதியையே போட்டுடுங்க அண்ணி. அப்பதான் சாட்சி பலமா இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் கன்ட்ரோல்-எஸ்.

கை ஒரு கணம் தயங்கியது உண்மை. அந்த நாளுக்குத் திரும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட எனக்கு ஆசை இருந்தது. இன்றும் இருக்கிறது.

"வேண்டாம். பொய்த் தேதியாலதானே இத்தனையும். அக்கா, இன்னைக்கு என்ன தேதி? வாசிங்க."

அவள் ஒவ்வொரு எண்ணாக, பதிவேட்டை வாசிப்பதுபோல, உரக்கச் சொன்னாள். நான் கையால் எழுதினேன். அதன் கீழே, 'அன்று பயந்து மறுத்தேன். இன்று கையெழுத்திடுகிறேன்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, பத்துப் பேரும் தேதியோடு கையெழுத்திட்டோம். ஆறு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும். நாலாயிரம் மனுவையும் பதினொரு இருக்கையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். இவ்வளவுதான் அதில் கேட்டோம்.

தொழிலாளர் நல அலுவலகத்துக்கு நடந்தே போனோம். நோட்டைப் பார்த்த அதிகாரி நகல் எடுத்துக்கொண்டார். விசாரிக்கிறேன் என்றார், நாள் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஷட்டரில் புதுப் பூட்டு தொங்கியது. பத்துப் பேரும் வந்திருந்தோம். எதிர்ச் சுவரோரம் மனுத்தாள்களைச் சுருட்டிப் பிடித்தபடி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். விரல் இல்லாதவர் முன்னால் வந்து அந்தத் துருத் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதைத் தூக்க எத்தனை பேரும்மா வேணும்?"

"ரெண்டு பேர். பூட்டு திறந்தா."

"திறக்கட்டும். அதுவரைக்கும் இருப்போம்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முன்னால் குனிந்து சட்டையைத் தட்டினார். வலது தோளில் துரு ஒட்டியிருந்தது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.