காரணம் கேட்காத கொக்கிகள்

“வணக்கம் மேடம்” என்று தங்கை சொன்னதும், உண்மையைச் சொன்னால், அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பேச்சு வந்த நாளிலிருந்து ‘ஏய்’, ‘இங்க பாரு’, கோபம் வந்தால் ‘போடி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது கூட்ட அறையின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கிறாள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். “உட்காருங்க” என்று ஒரு மரியாதையைத் தூக்கிப் போட்டாள். இருவரில் யாருக்குச் சிரிப்பு வந்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். நல்லவேளையாக வரவில்லை.

அது ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பும் துவாலையும் துவைத்துக் கொடுக்கும் நிறுவனம். ராப்பகலாக ஷிஃப்டு ஓடும். அங்கே மனிதவளத் துறை என்று ஒன்று உண்டென்றால் அது அக்காதான். ஆள் எடுப்பது, விடுப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அவள் மேசையில்தான் வந்து விழும். இயந்திரங்கள் பக்கம் வேலை செய்யும் பெண்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்கள் பெருகிவிட்டதால் இதையெல்லாம் ஒரு மென்பொருளில் போட்டுவிடலாம் என்று எம்.டி. அம்மா முடிவெடுத்திருந்தார். யார் எந்த வேலைக்குத் தேறுவார்கள், யாரை மேலே கொண்டுவரலாம் என்பதையும் அதுவே கண்டுபிடித்துச் சொல்லுமாம். அதைக் கட்டி மேய்க்கத் ‘திறன் மேலாண்மைத் தலைவர்’ என்று ஒரு புதிய பதவி, ஜன்னல் வைத்த தனி அறை. பதவி யாருக்கு என்று எம்.டி. அம்மா வாய் திறக்கவில்லை. அக்காவோ அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

மூன்று கம்பெனிகள் தங்கள் மென்பொருளைக் கொண்டுவந்து இயக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. மூன்றாவது கம்பெனியின் விற்பனைப் பிரிவில்தான் தங்கை புதிதாகச் சேர்ந்திருந்தாள். “நான் உன் தங்கச்சின்னு அங்க யார்கிட்டயும் சொல்லிடாதக்கா,” என்று போனில் கெஞ்சியிருந்தாள். “அக்கா தயவுல ஆர்டர் கிடைச்சதுன்னு பேர் வரக்கூடாது. இது கிடைச்சாதான் என்னை நிரந்தரம் பண்ணுவாங்க. நானா ஜெயிக்கணும்.” அக்காவும் சரி என்றாள். அப்போது அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

விளையாட்டு கெட்டது தோட்டினால். மேசையில் கணினியை வைத்துவிட்டுத் தங்கை முடியை ஒதுக்கினாள். காதில் அக்காவின் முத்துத்தோடு. போன தடவை அம்மா வீட்டில் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்து மறந்தது. கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இது புதிதும் இல்லை. அக்காவின் பேனா, குடை, கம்பளிச் சட்டை எல்லாமே அந்தப் பக்கம் போனவைதான். தங்கை எதையும் கேட்டு எடுத்ததும் கிடையாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததும் கிடையாது. கேட்டால் ‘நம்ம வீட்டுதுதானே’ என்பாள். அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தோடு அவள் காதில் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்பதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. தன் காதில் அது ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

“சாப்பிட்டியாம்மா? காபி கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்றார் எம்.டி. அம்மா.

முதல் இரண்டு கம்பெனிக்காரர்களுக்குத் தண்ணீர் பாட்டிலோடு சரி. அக்கா இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் ஒருநாளாவது சாப்பிட்டாயா என்று இந்த அம்மா கேட்டிருப்பாரா? அக்கா யோசித்துப் பார்த்தாள். ஒருமுறை கேட்டார். அது, கூட்டத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பதற்காக.

முதல் கம்பெனியின் மென்பொருளில் ஒருவர் இருமுவதற்குக்கூட மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. இரண்டாவது, ஆளாளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. எடுத்ததற்கெல்லாம் காரணமும் கேட்டது. தாமதமா, காரணம் போடு. விடுப்பா, காரணம் போடு. “கொட்டாவி விட்டா என்ன போடணும்?” என்று கேட்டார் சலவைப் பகுதி மேற்பார்வையாளர். கொதிநீர் இயந்திரத்தின் பக்கத்திலேயே தலை நரைத்தவர், கோபமும் அதே சூட்டில் வரும் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘நீராவி’. மென்பொருள் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. கணக்குப் பிரிவுத் தலைவருக்கு மட்டும் இரண்டாவது மிகவும் பிடித்துப்போனது. எதற்கும் காரணம் இருந்தால் நல்லதுதானே என்றார்.

தங்கை விளக்கப் படம் எதையும் ஓட்டவில்லை. “சார், ஒருத்தங்களுக்கு நாளைக்கு வர முடியல. வேற ஒருத்தங்ககூட ஷிஃப்ட் மாத்திக்கணும். உங்க இடத்துல எப்படி மாத்திக்குவாங்க?” என்று நீராவியைப் பார்த்துக் கேட்டாள்.

நீராவி கையைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சலவைக் கூடத்தின் சுவரில் கொக்கிப் பலகை தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, வளையம் கோத்த ஓர் எண் டோக்கன். ஷிஃப்டு மாற வேண்டியவள் தன் டோக்கனைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் கொக்கியில் மாட்டிவிடுவாள். ஷிஃப்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தால் சம்மதம். முடியாது என்றால் அவள் அதைக் கழற்றிப் பழைய கொக்கியிலேயே மாட்டிவிடுவாள். யாரும் யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை, மறுப்பதும் இல்லை. மறுநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடலாம்.

தங்கை திரையைத் திருப்பிக் காட்டினாள். அதேதான். டோக்கன் போகிறது, தங்குகிறது, அல்லது சத்தமில்லாமல் திரும்பி வருகிறது.

“காரணம் எங்க போடறது?” என்றார் கணக்குத் தலைவர்.

“காரணம் கேட்டா, பொய் சொல்லக் கத்துக் குடுக்கற மாதிரி சார். அதுக்குப் பதிலா, கஷ்டம்னா எல்லாரும் யாரைத் தேடிப் போறாங்கன்னு மட்டும் இது பார்த்துக்கும். யாரு கொக்கியில டோக்கன் அதிகமா விழுதோ, அவங்கதான் உங்க அடுத்த சூப்பர்வைசர்.”

நீராவி மேசையைத் தட்டிவிட்டார். “அப்படிப் போடு! இதாம்மா பேச்சு!” எம்.டி. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அக்காவின் காது இரண்டும் சூடேறின. அது அவளுடைய பேச்சு. ஒரு சொல் பிசகாமல் அவளுடைய பேச்சு. தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது தங்கைக்குப் போன் போட்டு ஆபீஸ் கதையெல்லாம் கொட்டுவாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தமும் நடுநடுவே ‘ம்’ என்ற ஒலியும்தான் கேட்கும். இவள் எங்கே கேட்கிறாள், சுவரோடு பேசுகிறேன் என்று அலுத்துக்கொண்டே பேசுவாள். சுவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. கேட்டு, தன் கம்பெனியில் சொல்லி, சண்டை போட்டு அதை ஒரு மென்பொருளாகவே ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறது. வேறொருத்தியாக இருந்தால் உருகிப்போயிருப்பாள். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இதே வார்த்தைகளை இதே அறையில் அவள் சொன்னபோது எம்.டி. அம்மா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் “பார்க்கலாம்” என்றிருந்தார். அவள் சொன்னால் புலம்பல், தங்கை சொன்னால் திறமையா?

“இதையெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டே?” என்று எம்.டி. அம்மா கேட்டார்.

தங்கை ஒரு நொடி அக்காவைப் பார்த்தாள். “எனக்கு நெருக்கமானவங்க ஒருத்தங்க மேடம். அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்றாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றிதான். அக்காவுக்கு அது பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

தங்கை போன பிறகு பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. கணக்குத் தலைவர் முனகினார், நீராவி அவரை அடக்கினார், முடிந்தது. எம்.டி. அம்மா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். “நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே. சாஃப்ட்வேரோட சேர்த்து இந்தப் பொண்ணையே இங்க கூட்டிட்டு வந்தா என்ன? அந்தப் புது அறைக்கு. நம்ம இடத்தைப் பத்தி நீ அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துடுவே. உனக்கும் பாரம் குறையும்.”

எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று என்று கத்த வேண்டும்போல் இருந்தது அக்காவுக்கு. ஜன்னல், திரை, அறை, எல்லாவற்றையும் அவள் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறாள். நம்ம வீட்டுதுதானே.

“அவ என் தங்கச்சி மேடம்” என்றாள். “கூடப் பிறந்த தங்கச்சி. முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்பவும் சொல்லாம இருக்க மனசு கேக்கல. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம்.”

குரல் நடுங்கவில்லை. எவ்வளவு பதமாக, எவ்வளவு அழகாக வந்தது என்று அவளுக்கே வியப்பு. சொன்னதில் ஒரு பொய் கிடையாது. ஏன் சொல்கிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை.

“தங்கச்சின்னா என்ன இப்போ? சரக்கு நல்லா இருக்குதுல்ல?” என்றார் நீராவி. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எம்.டி. அம்மா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “வேற யாரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க. உன்னை மாதிரி ஒரு ஆளை விட்டுட்டு நான் வெளியில தேடறேன் பாரு” என்றார். அப்புறம், “சாப்பிட்டியா?” என்றார்.

மறுநாள் சாயங்காலம், வழக்கத்துக்கு மாறாகத் தங்கையே கூப்பிட்டாள்.

“கிடைக்கலக்கா. நாம அக்கா தங்கச்சின்னு எப்படியோ தெரிஞ்சுபோச்சாம். உனக்கு ஏதாவது பிரச்சினை ஆச்சா?”

“இல்ல.”

“நிஜமாவா? உன் வேலைக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லடி.”

“அப்பாடா” என்றாள் தங்கை. பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. “எனக்கு இந்த மாசத்தோட சரின்னு சொல்லிட்டாங்க. பார்க்கலாம், வேற எங்கயாவது.”

அக்கா நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்றாள். “ம்” என்றாள்.

“உன் தோடை அம்மாகிட்ட குடுத்துட்டேன். மறக்காம வாங்கிக்கோ.”

“வச்சுக்கோயேன். உனக்குத்தான் நல்லா இருக்கு.”

“இல்லக்கா. வேணாம்.”

போன் அணைந்தது. தங்கை எடுத்த பொருள் ஒன்று திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. தெரிந்துதான் கொடுத்தாளா, தெரியாமலா? கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் அவளும் எதையாவது கேட்பாள். அக்கா கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதி தூரத்தை யாரோடும் பேசாமல் நடந்தாள். எம்.டி. அம்மா முந்தினநாள் வாய்விட்டுச் சிரித்தது நினைவுக்கு வந்தபோது, இத்தனைக்குப் பிறகும், வயிறு எரியத்தான் செய்தது.

இரண்டாவது கம்பெனியின் மென்பொருள் வந்து இறங்கியது. ஜன்னல் அறையும் வந்தது, திரை அவள் நினைத்திருந்த நிறத்திலேயே கிடைத்தது. இனிமேல் எல்லாம் கைப்பேசியில்தான் என்று கொக்கிப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கு முன்பே அவரவர் எடுத்து வைத்துக்கொண்ட டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அக்காவே கையெழுத்துப் போட்டு அறிவிப்பு ஒட்டினாள். பாதிப் பேர் கொடுக்கவில்லை. நீராவி அவளைப் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தோடு இன்னும் அம்மா வீட்டில்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் இஸ்திரிப் பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அறை வாசலில் வந்து நின்றாள். அதிகம் பேசாதவள். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் டோக்கன்.

“அக்கா, நாளைக்கு மாத்திக்கணும். இது காரணம் போடாம உள்ள விடமாட்டேங்குது.”

“சொந்த வேலைன்னு போட்டுடுங்களேன்.”

“போட்டேன். சரியான காரணம் போடுன்னு திருப்பி அனுப்பிடுச்சு.” அவள் கண் சிவந்திருந்தது. இஸ்திரிச் சூட்டினாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியாது. “எனக்கு எதுவும் எழுத வேணாம்க்கா. பழைய மாதிரி மாட்டிட்டுப் போயிடறேன். இதை இனிமே எங்க மாட்டறது?”

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. இங்கே கொடு என்பதுபோலக் கையை நீட்டினாள். அந்தப் பெண் உள்ளங்கையில் வைக்காமல், பழக்கதோஷத்தில், நீட்டிய சுட்டுவிரலில் வளையத்தை மாட்டிவிட்டாள். ஒரு நிமிடம் நின்றாள். கழற்றவில்லை என்று பார்த்துக்கொண்டதும் திரும்பித் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

ஷிஃப்டு முடிகிற மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா உட்கார்ந்திருந்தாள். விரலில் டோக்கன் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.