அடி வரிசை மாடம்

திருநெல்வேலி மாநகராட்சியான வருஷமே ஆற்றங்கரை இடுகாட்டில் இடம் தீர்ந்துபோனது. புதுக் குழி வெட்டினால் பழைய ஆள் தலைநீட்டினார். தெருக்கூட்டத்தார் பொறியாளர் கார்த்திகேசனிடம் போய் நின்றார்கள்.

அவர் போட்ட திட்டம் எளிது. புதைத்துச் சில வருஷம் கழித்து எலும்பைப் பொறுக்கிச் சுட்ட மண் கலயத்தில் இட வேண்டும். கலயத்தைச் சுவர் மாடத்தில் வைத்துப் பெயர்க்கல்லால் மூட வேண்டும். குழி அடுத்தவருக்கு. பாதையோர நீளத்துக்கு ஐந்து வரிசைச் சுவர் எழுப்பினால் தெருவே அடங்கிவிடும். இதே ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் முதுமக்கள் தாழியில் அடங்கியவர்கள் மட்டும் என்ன, கால் நீட்டியா படுத்தார்கள்?

அவருடைய அப்பா ஐயம்பெருமாளுக்கு ஒரே ஆசை. "உங்க அம்மை கலயத்துக்குப் பக்கத்துல எனக்கு ஒரு மாடம். அது போதும்லே."

மாடம் பிரிக்கக் கூட்டம் கூடியது. எல்லோருக்கும் மேல் வரிசைதான் வேண்டும்.

"எங்கப்பா தலைக்கு மேல எவன் காலும் வரக்கூடாது வே" என்றார் பழைய பண்ணை வீட்டுத் தில்லைநாயகம்.

"கலயத்துக்குள்ள கால் எது, தலை எது அண்ணாச்சி?" என்றான் கூட்டத்து இளவட்டம் பேச்சிராஜ்.

"அது எங்களுக்குத் தெரியும்லே."

கடைசியில் அடி வரிசையை யாருமே சீண்டவில்லை. கார்த்திகேசன் அங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அடுத்தடுத்து இரண்டு மாடம் கேட்டார், உடனே கிடைத்தது. அப்பா முகத்தில் கல்யாணக் களை.

அப்போது தில்லைநாயகம் உச்சுக்கொட்டினார். "பாவம், திட்டம் போட்டவன் அப்பனுக்கே அடி வரிசை!"

அப்பாவைச் சொன்னதைக்கூட மகன் பொறுத்திருப்பார். வரிசையைச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்ல அண்ணாச்சி. மேல் வரிசை பகல்ல காயும், ராத்திரி குளிரும். கலயம் விரிசல் விட்டுரும். அடி வரிசைக்குக் கருங்கல் கட்டு, வெயிலே படாது. வெள்ளம் வந்தாலும் தாமிரவருணி மொத மொத தொடுதது அதைத்தான்."

ஐயம்பெருமாள் தலையில் கைவைத்தார்.

"ஆறே வந்து குளிப்பாட்டுதா?" தில்லைநாயகம் எழுந்துவிட்டார். "பிரிச்சது செல்லாது. மறுபடி பிரிங்க வே!"

அடி வரிசை முழுக்கப் பெரிய வீடுகளுக்குப் போனது.

வீடு திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "ஏலே, மேல இப்ப காலிதான?"

"ஒருத்தரும் கேக்கலப்பா. ஆனா வெயிலு..."

"எங்க ரெண்டு பேரையும் அங்கன சேத்து வச்சிரு."

கார்த்திகேசன் யோசித்தார், முகம் மலர்ந்தது. "ஓட்டுச் சாய்ப்பு ஒண்ணு இறக்கிட்டா வெயில் விழாதுப்பா. காத்து இந்தப் பக்கமா நுழைஞ்சு..."

"சரிலே. கூட்டத்துல மட்டும் வாயைத் தொறந்துராத."