பொன்னி போட மறுத்த கையெழுத்து

விடியற்காலை ஐந்தேகாலுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினால்தான் பள்ளி மணி அடிக்குமுன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச்சேர முடியும். ஸ்கேன் பெட்டியைப் பொன்னி மடியில் வைத்துக்கொள்வாள். பேட்டரியும் ஜெல் பாட்டில்களும் என் தோளில். ஒரு நாளைக்கு எண்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது எங்களை வேலைக்கு வைத்த டிரஸ்டின் கட்டளை. குனிந்தபடியே எண்பது நெஞ்சில் கருவியை அழுத்திப் பிடித்த கை, சாயங்காலம் சோறு பிசையக்கூட மடங்காது.

நாங்கள் ஆறு பெண்கள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பொன்னி கரும்பு வெட்டியவள். நான், அந்தோணிமேரி, விக்கிரவாண்டி ஓட்டலில் பாத்திரம் தேய்த்தவள். பத்தாவது படித்திருந்ததால் திண்டிவனத்தில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். தொண்டை வலியோடும் மூட்டு வலியோடும் வரும் ஒரு காய்ச்சல் பிள்ளைகளின் இதய வால்வைக் கெடுத்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்து, மாதாமாதம் தவறாமல் ஊசி போட்டால் காப்பாற்றலாம். வால்வு சரியாக மூடாவிட்டால் திரையில் ரத்தம் பின்பக்கமாகப் பீறிடும். அப்படித் தெரிந்த பிள்ளையின் பெயரை எழுதி ஆபீசில் கொடுப்பது எங்கள் வேலை. டாக்டரிடம் அழைத்துப்போவது டிரஸ்டின் வேலை. பெற்றவர்களிடம் நாங்கள் வாய் திறக்கக்கூடாது.

2015 ஆடியில் கலைப்பிரியாவின் நெஞ்சில் அதைப் பார்த்தோம். ஒன்பது வயது. "ஓடுனா மூச்சு வாங்குதுக்கா" என்றாள். பொன்னி அவள் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். அவசரம் என்று ஆபீசுக்குப் போனிலும் சொன்னாள்.

ஐப்பசியில் அந்தப் பிள்ளை செத்துப்போனது. அதுவரை ஒரு டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் அவள் அப்பா கண்ணையன் பொன்னியிடம் கேட்டார்: "நீங்கதான வந்து பாத்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

பொன்னி அங்கே அழவில்லை. பஸ்சில் தன் நோட்டை எடுத்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மேனேஜர் விருத்தாசலம் ஆறு பேரையும் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. படம் தெளிவாக எடுக்காதது பொன்னியின் தவறு என்று அதில் அச்சடித்திருந்தது.

"கையெழுத்து போடு. கரும்பு வெட்டுன கை, படம் சரியா வரலைன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"நாங்க குடுத்த லிஸ்ட் எங்க சார்? இருபத்தி மூணு பேரு."

"டாக்டர்கிட்ட காட்டறதெல்லாம் அடுத்த வருஷம். இந்த வருஷம் எத்தினி பிள்ளைங்கள பாத்தோம்ங்கறதுதான் ரிப்போர்ட்டு."

"அப்ப மீதி இருபத்திரண்டு பேரையும் யாரும் பாக்கல."

"உனக்கு வேல வேணுமா, வேணாமா?"

பொன்னி குரலை உயர்த்தவில்லை. "வேல போவட்டும். உங்கள மட்டும் வுடமாட்டேன் சார். அந்தப் பிள்ள எப்படி செத்துச்சுன்னு உங்க வாயாலயே ஊரறிய சொல்ல வைப்பேன்."

அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். "நீ சாட்சி போடு." நான் எழுந்து நின்றேன். மற்ற நால்வரும் எழுந்தார்கள். பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்கள்.

"அவன் மூஞ்சியக் கிழிக்கணும்னு கை துடிக்குது மேரி" என்றாள் பொன்னி, தெருவில்.

"எனக்குந்தான். ஆனா மொதல்ல அந்தப் பசங்க."

பெயர்களைப் பொன்னி தன் நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள். நான்கு நாள் மழையில் ஊர் ஊராக நடந்து, மறைக்கச் சொன்னதை எல்லாம் வீடு வீடாகச் சொன்னோம். கண்ணையனும் கூடவே வந்தார். "என் பொண்ணு பேரச் சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை டிரஸ்டு வாசலில் இருபத்திரண்டு பிள்ளைகள், பெற்றவர்களோடு. விருத்தாசலம் வெளியே வந்தார். "என்ன பேஜாரு பண்றீங்க? ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க, பேசலாம்."

யாரும் அசையவில்லை. பொன்னி நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள். "கலைப்பிரியா."

"அவ அப்பன் வந்திருக்கேன்" என்றார் கண்ணையன்.

"தமிழ்மணி." ஒரு தாய் தன் மகனை முன்னால் நிறுத்தினாள்.

பொன்னி மேனேஜரைப் பார்த்தாள். "எல்லாரையும் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவ வண்டி வரணும். அதுக்கப்புறம் உங்க விஷயத்துக்கு வர்றேன்."

விருத்தாசலம் போனை எடுத்தார். டாக்டரைக் கூப்பிடுகிறாரா, போலீசையா என்று தெரியவில்லை. நாங்கள் ஐந்து பேரும் பொன்னியை ஒட்டி நின்றோம். அவள் மூன்றாவது பெயரைப் படித்தாள்.