பெட்டியைச் சுற்றிய பச்சை

இந்துமதியின் வேலையைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு மண் விடும் மூச்சை அளக்கிறாள். வயலில் போடும் யூரியாவில் கொஞ்சம் வாயுவாகி மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. எவ்வளவு உரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று கொடுத்தால், எவ்வளவு வாயு என்று அவளுடைய கம்ப்யூட்டர் சொல்லும். பருத்தியின் பாவக்கணக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்காரன் இப்போதெல்லாம் டி-ஷர்ட் வாங்குவதில்லை.

கணக்குக்கு ஓர் ஆதாரம் வேண்டுமே. அதற்காகக் குண்டடத்தில் வேலாத்தாளின் பருத்திக் காட்டில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதில் சேரும் வாயுவை ஊசியில் உறிஞ்சி எடுத்துப்போய்ப் பரிசோதிப்பாள். வேலாத்தாள் தனியாளாக விவசாயம் பார்க்கிறவள். வந்தவளை மோர் குடிக்காமல் விடமாட்டாள்.

போட்டதாக வேலாத்தாள் சொன்ன உரம் கொஞ்சம். பெட்டியில் வந்த வாயுவோ மிக அதிகம். ‘இந்த மண்ணே இப்படித்தான்’ என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துக் காடுகள் அத்தனையையும் வரைபடத்தில் சிவப்பாக்கிவிட்டது. சிவப்புக் காட்டுப் பருத்தியைக் கம்பெனி வாங்காது.

மேனேஜர் பிரபாகர் விவசாயிகளை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டி, அந்தப் படத்தைச் சுவரில் காட்டினார். படித்த திமிரோ என்னவோ, இந்துமதி சற்று உரக்கவே கேட்டாள். “யாராச்சும் உரத்தைக் கொறைச்சுச் சொன்னீங்களா?”

வேலாத்தாள் எழுந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“நாந்தானுங்க. பொட்டியச் சுத்திப் பயிரு வெளுத்துக் கெடந்துச்சு. பாக்க வர்றவீங்களுக்கு நல்லா இருக்கோணும்னு நாலு கை யூரியா சேத்திப் போட்டுட்டனுங்க. பொறவு கேக்கறப்ப அதச் சொல்ல வாய் வருலீங்க.”

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. “ஒருத்தி மினுக்கறதுக்கு ஊரே தலை குனியோணுமா?” என்றார் பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன்.

பிரபாகர் கையமர்த்தினார். “மத்தவங்க கவலைப்படாதீங்க. திரும்ப அளந்துக்கலாம். பொய்த் தகவல் கொடுத்தவங்க பருத்தி மட்டும் நமக்கு வேண்டாம்.”

இந்துமதிக்குக் காது இரண்டும் சுட்டது. பெட்டி வைத்த புதிதில், கம்பெனிக்கு அனுப்பப் படம் எடுத்தபோது, “ஏனுங்க அக்கா, இந்த எடம் இப்படி மஞ்சளா இருக்குதுங்க? படத்துல பச்சையா இருந்தாத்தானுங்க எங்க சார் என்னைய மதிப்பாரு” என்று விளையாட்டாகச் சொன்னது அவள்தான். வேலாத்தாள் அதைச் சொல்லவில்லை. இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சொல்ல வேண்டியவள் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் நின்றாள். சொன்னால் அவளுடைய கணக்கை இனி யாரும் நம்பமாட்டார்கள், வேலையும் போகலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள். கூடத்தை ஒட்டித்தான் வேலாத்தாளின் காடு. பெட்டியை எடுக்க இந்துமதி போனபோது, வேலாத்தாள் முன்னாலேயே வந்து அதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எம் பேரச் சொல்லியிருக்கலாமுங்களே, அக்கா.”

“அத நாஞ் சொல்றதா கண்ணு?”

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியை இவள் கையில் கொடுத்துவிட்டு, “ஊட்டுக்கு வா, மோர் குடிச்சுட்டுப் போவியாம்” என்றாள்.

அந்த மோர் எப்படித் தொண்டையில் இறங்கும்? இந்துமதி பெட்டியோடு கூடத்துக்குத் திரும்பினாள். பிரபாகரைச் சுற்றி எல்லோரும் டீக்கிளாசோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சார், பச்சையா வேணும்னு கேட்டது நான்தானுங்க” என்றாள். குரல் எழும்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

யாருக்கும் கேட்கவில்லை என்பதில் ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பே கூசியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

இந்த முறை கேட்டது.